குடிவந்தோர் கட்டிய ஊர்: ருமேனியாவின் பியெர்த்தான்

ஓர் ஊர் யாருக்கு உரியது? அதைக் கட்டி எழுப்பியவருக்கா? இன்று அதில் அடுப்பு மூட்டி வாழ்பவருக்கா? அன்றி, அதை விட்டு நெடுந்தொலைவு சென்ற பின்னும் அதன் பெயரைச் சொல்லியே தம்மை அறிமுகம் செய்துகொள்பவருக்கா? தஞ்சையையும் நெல்லையையும் விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. ஆனால், இதே கேள்வி ஓர் ஊர் முழுவதையும் பற்றிக்கொண்டு எண்ணூறு ஆண்டுகளாகத் தொடர்ந்துவந்ததை அறிந்தவர் நம்மிடையே சிலரே இருக்கக்கூடும். அவ்வூர் ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கிலுள்ள ருமேனியா நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் பியெர்த்தான்.

ருமேனியாவின் நடுவே கார்பேத்திய மலைத்தொடர் வில்லைப் போல் வளைந்து கிடக்கிறது. அவ்வளைவின் உட்புறத்தே, குன்றுகளும் காடுகளும் ஆற்றுப் படுகைகளும் நிறைந்த மேட்டுநிலமே திரான்சில்வேனியா. 'காட்டுக்கு அப்பாலுள்ள நாடு' என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். இப்பகுதியின் தென்பாகத்தில் சிபியு என்னும் மாவட்டம் உள்ளது. அதன் தலைநகராகிய சிபியுவிலிருந்து சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால் பியெர்த்தானை அடையலாம். அருகிலுள்ள நகரங்கள் மெதியாஷும் சிகிஷோவாராவும் ஆகும்.

பியெர்த்தான் ஒரு 'கொமூனா'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோரை இச்சொல் சற்றுத் தயங்க வைக்கும். 'கிராமம்' என்று பெயர்த்தால் போதாது. ஏனெனில் ஒரு கொமூனாவில் பல கிராமங்கள் அடங்கியிருக்கலாம். 'வட்டம்' என்றால் மிகையாகிவிடும். பல சிற்றூர்களை ஒன்றாகக் கொண்ட நம் ஊராட்சியே அதற்கு மிக நெருங்கியது. ருமேனியாவில் தலைநகரான புக்கரெஸ்டு நீங்கலாக 41 மாவட்டங்கள் உண்டு. அவற்றில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட கொமூனாக்கள் இருக்கின்றன. 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இவ்வமைப்பு உருப்பெற்றது. மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவரும் மன்றமும் ஒவ்வொரு கொமூனாவையும் நிர்வகிக்கின்றனர். பியெர்த்தான் கொமூனாவில் பியெர்த்தான், கோப்ஷா மாரே, ரிக்கிஷ் என மூன்று ஊர்கள் அடங்கும். மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கின்றனர். நம் நாட்டுக் கணக்கில் இது ஒரு சிறிய ஊரின் தொகையே.

நிலத்தின் இயல்பை முதலில் பார்ப்போம். தர்னவ மாரே என்னும் ஆறு மேற்கு நோக்கி ஓடுகிறது. தெற்கிலுள்ள குன்றுகளிலிருந்து ஒரு சிற்றோடை இறங்கி வடக்கே சென்று அவ்வாற்றில் கலக்கிறது. இவ்வோடையின் பள்ளத்தாக்கில்தான் பியெர்த்தானும் ரிக்கிஷும் அமைந்துள்ளன. பெருஞ்சாலையும் இருப்புப் பாதையும் ஆற்றின் கரையோடு செல்கின்றன. பியெர்த்தானுக்குப் போகிறவர் அவற்றை விட்டுப் பிரிந்து, ஒன்பது கிலோமீட்டர் அளவு பள்ளத்தாக்கினுள் செல்ல வேண்டும். குன்றுகளின் உச்சியில் பீச்சு மரமும் ஓக்கு மரமும் அடர்ந்த காடு. அதற்குக் கீழே புல்வெளி, சோளக் கொல்லை, ஆட்டு மந்தை. குன்றின் சரிவுகளைக் கூர்ந்து நோக்கினால், படிப்படியாக வெட்டிய நிலத் தளங்கள் புல் மூடிக் கிடப்பது புலப்படும். அவை ஒரு காலத்துத் திராட்சைத் தோட்டங்கள். இவ்வூரின் செல்வம் அனைத்தும் அப்படிகளிலிருந்தே வந்தது.

இந்நிலத்தில் மனித வாழ்வு மிகப் பழமையானது. கி.பி. 106-இல் ரோமாபுரிப் பேரரசன் டிராஜன் தாசிய நாட்டை வென்று தன் பேரரசோடு சேர்த்தான். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியப் படைகள் பின்வாங்கின. அதன் பின்னும் லத்தீன் வழக்கு முற்றும் அறவில்லை என்பதற்கு ஒரு சான்று பியெர்த்தானின் அருகிலேயே கிடைத்தது. 1775-இல் அங்குள்ள காட்டில், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வெண்கலப் பொருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. செனோவியஸ் என்பவன் தன் நேர்த்திக்கடனாக இதை அளித்தான் என்னும் கருத்துடைய லத்தீன் வாசகம் அதில் உண்டு. உடன் கிறிஸ்துவின் சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தது. ருமேனியர் தம் லத்தீன் மரபின் தொடர்ச்சிக்கு இதனை அருமையான சான்றாகப் போற்றுகின்றனர்.

இனி, ஊரைக் கட்டியவர்களிடம் வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திரான்சில்வேனியா ஹங்கேரி அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மக்கள் குறைவு, எல்லைக்கு அப்பாலோ பகைவர் மிகுதி. 1141 முதல் 1162 வரை ஆண்ட இரண்டாம் கெசா மன்னர், மேற்கே ரைன், மோசெல் ஆற்றங்கரைகளிலும் லக்சம்பர்க்கைச் சூழ்ந்த பகுதியிலும் வாழ்ந்த உழவரையும் கைவினைஞரையும் குடியேறுமாறு அழைத்தார். இவர்கள் ஜெர்மன் மொழியின் கிளைமொழிகளைப் பேசியவர்கள். அரச ஆவணங்கள் இவர்களைச் 'சாக்சன்' எனக் குறித்தன, அப்பெயரே நிலைத்தது. உண்மையில் இவர்களிற் பெரும்பாலோர் சாக்சனி நாட்டிலிருந்து வந்தவரல்லர். அயலூரில் நமக்கு இடப்படும் பெயர் நம் சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை என்பது நாமும் அறிந்ததே!

குடியேறியவர்களுக்கு மன்னர் நிலத்தோடு உரிமையும் வழங்கினார். 1224-இல் இரண்டாம் ஆந்திராஷ் மன்னர் அளித்த பட்டயம் அவர்கள் தம் குருமாரைத் தாமே தேர்ந்துகொள்ளவும், தம் வழக்குகளைத் தம் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளவும் இடமளித்தது. பதிலாக அவர்கள் ஆண்டு வரி செலுத்தவும், போர்க்காலத்தில் வீரரை அனுப்பவும் கடமைப்பட்டனர். பியெர்த்தான் வட்டாரத்துக்கு இவ்வுரிமைகள் சற்றுப் பின்னரே கிட்டின. ஊரின் பெயர் 1283-ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாகக் காணப்படுகிறது. ஜெர்மன் மொழியில் அதன் பெயர் பிர்த்தெல்ம். ஹங்கேரி மொழியில் பெரெத்ஹாலோம். மூன்று மொழிகளில் மூன்று பெயர் பெற்ற அவ்வூரின் வரலாறு அப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

தாய்நாட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு சிறு கூட்டத்தார் தம் மொழியையும் ஒழுக்கத்தையும் நூற்றாண்டுக்கணக்கில் எவ்வாறு காத்தனர்? அதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட அமைப்புகளே காரணம். அவற்றுள் தலையாயது 'அண்டையர் கழகம்'. ஒரே தெருவிலுள்ள குடும்பங்கள் ஒரு கழகமாக இணையும். அதற்கு ஒரு தலைவர் உண்டு. அவரை 'அண்டையர் தந்தை' என்பர். ஒருவர் வீடு கட்டினால் அனைவரும் கைகொடுப்பர். கிணறு தூர்வாருவதும், தீயணைப்பதும், இரவுக் காவல் புரிவதும் முறைவைத்து நடக்கும். எவரேனும் இறந்தால் குழி தோண்டுவதும் சவம் சுமப்பதும் கழகத்தின் பொறுப்பே. பணி தவறியவர் தண்டம் கட்டுவர். இதனோடு ஊர்தோறும் கோயிலும், கோயிலை ஒட்டிப் பள்ளியும் இருந்தன. பிள்ளைகள் தாய்மொழியிலேயே எழுதப் படிக்கக் கற்றனர்.

இவ்வொற்றுமைக்கு மறுபுறமும் ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையாகாது. 1437-இல் ஹங்கேரியப் பிரபுக்களும், செக்கெலர் என்னும் எல்லைக் காவல் குடியினரும், சாக்சன்களும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, நாட்டின் அரசியல் உரிமையைத் தமதாக்கிக்கொண்டனர். எண்ணிக்கையில் மிகுந்திருந்த ருமேனிய உழவருக்கு அதில் இடமில்லை. சாக்சன்களுக்கு உரிய நிலப்பகுதியில் பிறர் முழு உரிமை பெற முடியாது என்னும் நிலை பல நூற்றாண்டு நீடித்தது. 1781-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஆணையே அதனை முதலில் நீக்கியது. தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பிய சுவர் பிறரை வெளியே நிறுத்தும் சுவராகவும் ஆயிற்று.

உண்மைச் சுவரும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1241-இல் மங்கோலியப் படையெடுப்பு நாட்டைச் சூறையாடியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதி தொடங்கித் துருக்கியப் படைகள் அடிக்கடி புகுந்தன. நகரங்கள் மதில் எழுப்பிக்கொண்டன. சிற்றூர்களுக்கு அந்த வசதி ஏது? எனவே ஊருக்கு ஒன்றாக இருந்த கோயிலையே கோட்டையாக்கினர். அபாய மணி ஒலித்ததும் மக்கள் தானியத்தோடும் கால்நடைகளோடும் உள்ளே புகுந்து கதவடைப்பர். தென் திரான்சில்வேனியாவில் இத்தகைய கோட்டைக் கோயில்கள் இன்றும் நூற்றைம்பது அளவில் நிற்கின்றன.

அவற்றுள் பியெர்த்தான் கோயில் மிகச் சிறப்புடையது. ஊரின் நடுவே குன்றின் மேல், மூன்று சுற்று மதில்கள் சூழ, கோபுரங்களோடு அது எழுந்து நிற்கிறது. கூரையிட்ட மரப்படிக்கட்டு ஒன்று கீழிருந்து மேலே செல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காதிக் பாணியில் இது எழுப்பப்பட்டது. பலிபீடத்தில் 28 ஓவியப் பலகைகள் உள்ளன. பூசைப் பொருள்கள் வைக்கும் அறையின் கதவு மற்றோர் அதிசயம்: ஒரே சாவியைத் திருப்ப, பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் நாற்புறமும் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். ஊரின் செல்வத்தைக் காத்த அப்பூட்டு 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டு வியப்பை விளைவித்தது. கொல்லன் உலையும் தச்சன் உளியும் ஒரு சிற்றூரில் எத்தகைய உயர்நிலை எய்தியிருந்தன என்பதை இதனால் அறியலாம்.

கோயிலின் மதிலை ஒட்டி ஒரு சிறு அறை உண்டு. மணவிலக்குக் கோரும் தம்பதியரை அதில் சில நாள் சேர்த்து அடைத்துவைப்பது வழக்கம். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. அனைத்தையும் பகிர்ந்தே வாழ வேண்டும். முந்நூறு ஆண்டுகளில் ஒரேயொரு தம்பதியர்தாம் பிரிந்தனர் என்று ஊரார் பெருமிதத்தோடு கூறுவர். கணக்கு எவ்வாறிருப்பினும், குடும்பம் சிதறினால் ஊர் சிதறும் என்று அஞ்சிய ஒரு சிறு சமூகத்தின் மனநிலை இதில் தெளிவாகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் சாக்சன்கள் லூத்தரின் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவினர். 1572-இல் பியெர்த்தானின் குருவாகிய லூக்காஸ் உங்லெருஸ் அச்சபையின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தம் ஊரை விட்டு நகரவில்லை. அதனால் 1867 வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இச்சிற்றூரே திரான்சில்வேனிய சாக்சன்களின் சமயத் தலைநகராக விளங்கிற்று. அவ்வாண்டில் பேராயர் பீடம் சிபியுவுக்கு மாற்றப்பட்டது. 1870-களில் இருப்புப் பாதை ஆற்றங்கரையோடு போடப்பட்டு, மெதியாஷ் வளர்ந்தது. பள்ளத்தாக்கினுள் இருந்த பியெர்த்தான் ஒதுங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவிய ஃபிலாக்சரா என்னும் நுண்பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரை உறிஞ்சி அழித்தது. குன்றின் படிகள் வெறுமையாயின. ஊரின் செல்வம் சுருங்கிற்று. ஆயினும் ஊர் இருந்தது.

ஊரை வெறுமையாக்கியது இருபதாம் நூற்றாண்டின் அரசியல். 1918-இல் திரான்சில்வேனியா ருமேனியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டு சாக்சன் பிரதிநிதிகள் மெதியாஷில் கூடி அவ்விணைப்பை ஏற்றனர். 1930-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ருமேனியா முழுவதிலும் 7,45,421 ஜெர்மானியர் இருந்தனர். இரண்டாம் உலகப் போரில் ருமேனியா ஹிட்லரின் பக்கம் நின்றது. 1943-இல் இரு அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்நாட்டு ஜெர்மானியரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மனியின் எஸ்.எஸ். படைகளில் சேர்க்கப்பட்டனர். 1944 ஆகஸ்டில் ருமேனியா அணி மாறிற்று. 1945 ஜனவரியில், போரில் பங்கு கொண்டவர், கொள்ளாதவர் என்ற வேறுபாடின்றி, 17 முதல் 45 வயது வரையுள்ள ஆடவரும் 18 முதல் 30 வயது வரையுள்ள பெண்டிருமாகச் சுமார் 70,000 பேர் சோவியத் நாட்டின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய உழைப்பாளராக அனுப்பப்பட்டனர். பலர் திரும்பவேயில்லை. அதே ஆண்டு நிலச் சீர்திருத்தத்தில் ஜெர்மானியரின் நிலங்கள் பறிக்கப்பட்டன. மீண்டு வந்தவருக்கு உழ நிலமில்லை.

அதன்பின் விந்தையான ஒரு வாணிகம் தொடங்கிற்று. பிரிந்த குடும்பங்களை ஒன்றுசேர்ப்பது என்னும் பெயரில், 1960-களின் இறுதி முதல் 1989 வரை, வெளியேற அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் தலைக்கு இவ்வளவு என மேற்கு ஜெர்மன் அரசு ருமேனிய அரசுக்குப் பணம் செலுத்தியது. இவ்வகையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். 1989 டிசம்பரில் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்து எல்லை திறந்தது. 1990 என்னும் அந்த ஓராண்டிலேயே ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேர் அளவில் ருமேனியாவை விட்டு ஜெர்மனி சேர்ந்தனர். 1992-இல் எஞ்சியவர் 1,19,462. 2021-இல் 22,907 மட்டுமே. மங்கோலியரும் துருக்கியரும் செய்ய இயலாததை, திறந்துவிடப்பட்ட ஓர் எல்லைக் கதவு செய்து முடித்தது!

அவர்கள் ஏன் சென்றனர் என்று நாம் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. அண்டை வீட்டார் மூட்டை கட்டும்போது, இருப்பவனுக்கும் நெஞ்சம் நிலைகொள்ளாது. பள்ளியில் பிள்ளைகள் குறைவர். பாடகர் குழுவில் குரல்கள் குறைவர். பிணம் சுமக்க நான்கு தோள் கிடைப்பது அரிதாகும். அண்டையர் கழகம் என்னும் அமைப்பு ஒவ்வொருவரையும் பிறரோடு பிணைத்திருந்தமையால், சிலர் போனதும் அனைவரும் போக நேர்ந்தது. எதனால் அவர்கள் எண்ணூறு ஆண்டு நிலைத்தார்களோ, அதுவே அவர்கள் ஒருங்கே பெயர்வதற்கும் காரணமாயிற்று.

ஆயினும் பியெர்த்தான் பாழூர் ஆகிவிடவில்லை. இன்று அக்கொமூனாவில் பெரும்பான்மையினர் ருமேனியர். அடுத்து ரோமா இனத்தவர். பின்னர் ஹங்கேரியரும், விரல்விட்டு எண்ணத்தக்க சாக்சன் குடும்பங்களும். ருமேனியக் கணக்கெடுப்பில் இனம், தாய்மொழி, சமயம் ஆகிய மூன்றும் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்யப்படுகின்றன. நம் நாட்டுக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்னும் கட்டத்தில் 'தமிழ்' என்று சொல்லி எழுதச் செய்யும்போது நமக்கு ஏற்படும் உணர்வை எண்ணிப் பார்த்தால், அங்கே ஒரு முதியவர் 'ஜெர்மன்' எனக் கூறும்போது அவர் உள்ளத்தில் எழுவதை நாம் ஊகிக்கலாம்.

ரோமா மக்களைப் பற்றி இந்தியராகிய நாம் தனியே அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு, பாரசீகம், பைசாந்தியம் வழியாக ஐரோப்பா சேர்ந்தவரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்தம் ரோமானி மொழி இந்திய-ஆரிய மொழிகளுள் ஒன்று. தில்லி வாழ் தமிழர் அம்மொழியில் நீருக்கு 'பானி' என்றும், மூக்குக்கு 'நாக்' என்றும் வழங்கக் கேட்டால் வியப்படைவர். ஐந்துக்கு 'பாஞ்சு' என்பதே அவர்கள் சொல். ஆக, ஒரே பள்ளத்தாக்கில், ரைன் நதிக் கரையிலிருந்து வந்தவர் கட்டிய வீட்டில், சிந்து கங்கை நாட்டிலிருந்து சென்றவரின் சந்ததியார் இன்று வாழக் காண்கிறோம். ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் போலவே ருமேனியாவிலும் வறுமையும் இகழ்ச்சியும் அவர்களை இன்னும் விட்டபாடில்லை. எந்த ஊரையும் தமதென்று சொல்ல நெடுங்காலம் அனுமதிக்கப்படாதவர் அவர்கள்.

சென்றவர்களும் ஊரை முற்றிலும் துறக்கவில்லை. 1990-களில் தொடங்கி, ஜெர்மனியிலுள்ள சாக்சன்களும் எஞ்சியுள்ளோரும் செப்டம்பர்த் திங்களில் பியெர்த்தானில் ஒன்றுகூடிப் பழைய உடையணிந்து ஊர்வலம் வருவதை வழக்கமாக்கினர். பிற்காலத்தில் அக்கூட்டம் பிற ஊர்களிலும் நடைபெறலாயிற்று. 1993-இல் யுனெஸ்கோ நிறுவனம் பியெர்த்தானை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 1999-இல் மேலும் ஆறு ஊர்கள் அதனோடு இணைக்கப்பட்டன. 2014-இல் சிபியுவைச் சேர்ந்த சாக்சனாகிய கிளாவுஸ் யோஹான்னிஸ் ருமேனியாவின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2025 வரை அப்பதவியில் இருந்தார். வாக்களித்தோரில் மிகப் பெரும்பாலோர் ருமேனியரே என்பது கருதத்தக்கது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். பியெர்த்தான் கோயிலின் மதிலை எழுப்பியவர் சாக்சன் உழவர். அந்த மதிலின் கீழ் இன்று புல் அறுத்து, ஆடு மேய்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோர் வேறு மொழியினர். கூரை ஓட்டில் ஒன்று நழுவினால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அவர்களே; பழுது நீக்கப் பணம் அனுப்புவோரிலோ நெடுந்தொலைவில் இருப்போரும் உண்டு. ஒருவர் நினைவும் மற்றவர் உழைப்பும் சேர்ந்தால்தான் அக்கட்டடம் நிற்கும். ஊர் என்பது ஒரு குலத்தாரின் தனிச்சொத்து என எண்ணிய காலம் சென்று, வந்தோரும் இருந்தோரும் போனோரும் சேர்ந்து காக்கும் பொதுப்பொருள் என உணரும் காலம் அங்கே வந்திருக்கிறது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும்போது, பள்ளத்தாக்கில் அதைக் கேட்போர் எந்த மொழியினராயினும், வீடு திரும்பும் வேளை வந்துவிட்டது என்பதை அறிந்துகொள்வர்.